இணைப்பு மூன்றின்படி கழுத்து

சனிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்குத் தையல்காரர் அந்த வாக்கியத்தைச் சொன்னார். சின்ன சிஸ்டர் அதை எழுதிக்கொண்டாள். சொன்னவருக்கும் கெட்ட எண்ணமில்லை, எழுதியவளுக்கும் இல்லை. ஆனாலும் திங்கட்கிழமை விடிந்தபோது, அறுபத்தெட்டு வயதில் இடுப்பெலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்துக் கிடந்த அந்த மனிதர், அந்த மருத்துவமனையிலேயே மிக அபாயமான ஆளாகியிருந்தார்.

அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. அந்த நாலு மாதத்தில் நோயாளிகளின் நாடியைவிட அதிகமாக அவள் கை பிடித்தது வன்முறை அபாய மதிப்பீட்டுப் படிவத்தைத்தான். அதற்கு ஏழு பக்கம். ஒவ்வொரு முறை ஒரு நர்ஸ் அடி வாங்கும்போதும் மூன்றாவது மாடியில் நிர்வாகத்தார் கூட்டம் போட்டு ஒரு பக்கத்தைக் கூட்டுவார்கள். ஏழு பேர் அடி வாங்கியிருக்கிறார்கள், ஏழு பக்கம் ஆகியிருக்கிறது. கணக்கு அவ்வளவு சுத்தம்.

படிவத்தின் தலையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும்: 'நோயாளி கூறியதைக் கூறியபடியே எழுதவும். நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று கூற்றுகள். அடித்தல் திருத்தல் கூடாது.'

தையல்காரர் வந்த முதல் இரண்டு நாளும் வலியில் முனகினாரே தவிர ஒன்றும் பேசவில்லை. 'நோயாளியின் கூற்றுகள் போதவில்லை' என்று சிவப்பு மையில் எழுதிப் படிவம் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் வலி குறைந்தது, அவருக்கு வாய் திறந்தது. அவள் ரத்த அழுத்தம் பார்க்கக் குனிந்தபோது அவளுடைய சீருடையை மேலும் கீழும் பார்த்தார். அவர் கண்ணுக்கு மனிதர்கள் தெரிய மாட்டார்கள், தையல்தான் தெரியும்.

"உங்க கழுத்தை எவனோ தப்பா வெட்டியிருக்கான் சிஸ்டர். என்கிட்ட வந்தா ஒழுங்கா வெட்டுவேன்."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சீருடையின் கழுத்து ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பது அவளுக்கும் தெரியும்.

"அப்புறம் கை. ரெண்டு கையையும் ரெண்டு இஞ்ச் குறைச்சிட்டா வேலை செய்யத் தோதா இருக்கும். இடுப்பையும் கொஞ்சம் பிடிக்கணும்."

மூன்று கூற்றுகள். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. டீ ஆறுவதற்குள் மூன்றையும், கூறியதைக் கூறியபடியே, ஒரு கால்புள்ளி கூட விடாமல் எழுதி மேலே அனுப்பினாள்.

மூன்றாவது மாடியில் அதைப் படித்தவர் பாதுகாப்பு அதிகாரி. கட்டம் போட்ட காகிதத்தைத் தவிர வேறெதையும் நம்பாதவர் என்பதால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குக் 'கட்டம் சார்' என்றே பெயர். பதினோரு வருடமாக நோயாளிகளைப் பற்றி எல்லாம் தெரிந்தவர், நோயாளி ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. கழுத்து என்ற கட்டத்துக்கும் வெட்டு என்ற கட்டத்துக்கும் கோடு போட்டுச் சேர்த்தால் ஐந்து புள்ளி. கை குறைப்புக்கு நாலு. இடுப்பைப் பிடிக்கும் உத்தேசத்துக்கு மூன்று, அதற்கு ஒழுங்குக் குழுவுக்கு ஒரு நகல். மொத்தம் பன்னிரண்டு. பத்துக்குள் பச்சை, தாண்டினால் சிவப்பு.

திங்கட்கிழமை காலை தையல்காரர் மணிக்கட்டில் சிவப்பு வளையம் ஏறியது. கட்டில் தலைமாட்டில் சிவப்பு அட்டை தொங்கியது. சாப்பாட்டுத் தட்டிலிருந்து முள்கரண்டி காணாமல் போனது. தலையணைக்கடியில் வைத்திருந்த அளவு நாடாவை, 'நெரிக்கப் பயன்படக்கூடிய பொருள்' என்று உறையில் போட்டு ஒட்டி எடுத்துப் போனார்கள். வீட்டம்மா பத்து நிமிஷம்தான் பார்க்கலாம், அதுவும் காவலாளி பக்கத்தில் நிற்க.

இவற்றையெல்லாம் தையல்காரர் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. தினம் வந்து அவரைப் பிடித்து எழுப்பி நிறுத்தும் பிசியோ தம்பி, சிவப்பு அட்டையைப் பார்த்ததும் வாசலோடு நின்றுவிட்டான். சிவப்பு நோயாளியைத் தொட அவனுக்கு அனுமதியில்லை.

"ஐயா, காலைத் தூக்குங்க," என்று வாசலில் நின்று கத்தினான்.

"தூக்கினா?"

"இறக்குங்க."

"இதுக்கு ரேடியோவே போதுமேப்பா. நீ எதுக்கு?"

இதைவிடப் பெரிய அடி பின்னால் வந்தது. நடைப்பயிற்சி நிலையத்தில் அவருக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வண்டி வரும். ஆனால் அந்த நிலையம் பச்சை வளையக்காரர்களைத்தான் ஏற்றுக்கொள்ளும். இந்த வண்டியை விட்டால் அடுத்த இடத்துக்கு இரண்டரை மாதம் ஆகும். எலும்பு டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: இரண்டு வாரத்துக்குள் நடக்கப் பழகாவிட்டால் இடுப்பு இறுகிவிடும், பிறகு கோல் ஊன்றி நடக்கலாம், தையல் மெஷின் மிதிக்க முடியாது.

"மோட்டார் வச்சுக்கலாமே," என்றாள் சின்ன சிஸ்டர்.

"மோட்டார் வச்சா மெஷின் ஓடும் சிஸ்டர். தைக்கறது காலு." போர்வைக்கடியில் நல்ல கால் மட்டும் மெல்ல மிதித்துக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று வாக்கியம் எழுதினோம், ஒரு மனிதரின் காலை எடுத்துவிட்டோம் என்று மனசு அரித்தது. விளக்கம் எழுதி அனுப்பும் படிவம் ஒன்று இருந்தது. அதை வாங்கி, 'மேற்படி நோயாளி தையல் தொழிலாளி. அவர் குறிப்பிட்ட கழுத்து என் கழுத்து அல்ல, என் சட்டையின் கழுத்து' என்று எழுதினாள். பதில் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. அந்தக் கட்டடத்தில் வேறெதுவும் அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை.

'சட்டைக்குக் கழுத்து ஏது? இணைப்பு மூன்றின்படி கழுத்து ஓர் உடலுறுப்பு.'

அவள் அந்தக் காகிதத்தைப் பெரியக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். பெரியக்கா அந்த வார்டின் மூத்த நர்ஸ். இருபத்திரண்டு வருஷ அனுபவம், வலது மணிக்கட்டில் ஒரு கட்டு. கட்டு ஆறாம் கட்டிலின் உபயம். ஆறாம் கட்டில்காரருக்குத் தலையில் அடிபட்டதிலிருந்து பேச்சு நின்றுவிட்டது. வலது பக்கமாக யாராவது போனால் பார்வைக்குத் தெரியாது, மிரண்டு போய் உதைப்பார். பாவம், அவர் தப்பில்லை. ஆனால் அவர் உதைத்ததைப் பற்றிப் பெரியக்கா மூன்று தடவை படிவம் அனுப்பி, மூன்றும் திரும்பி வந்துவிட்டன. 'நோயாளியின் கூற்றுகள்: இல்லை. படிவம் நிறைவு பெறவில்லை.' கூற்று இல்லாததால் புள்ளி இல்லை. ஆறாம் கட்டிலில் பச்சை அட்டை அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. 'இடது பக்கமா போ' என்று ஒவ்வொரு ஷிப்டும் அடுத்த ஷிப்டின் காதில் சொல்லிவிட்டுப் போகும். அந்த வார்டில் உருப்படியான அபாய மதிப்பீடு அது ஒன்றுதான். அது எந்தக் காகிதத்திலும் இல்லை.

"உதைச்சவருக்குப் பச்சை. உடுப்பைப் பத்திப் பேசினவருக்குச் சிவப்பு. நான் என்ன பண்றது அக்கா?" என்றாள் சின்னவள்.

"ஐயோன்னு அழாதே. மறுபரிசீலனைப் பேட்டின்னு ஒண்ணு இருக்கு. கேட்டு வாங்கு. கட்டம் சாரே நேர்ல வந்தாகணும். அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் மனுஷன் வாயிலேர்ந்து உறுப்பு ஒண்ணும் விழக் கூடாது."

"அப்ப பேசாம இருக்கச் சொல்லிடறேன்."

"சொல்லிடாதே. 'திடீர் மௌனம்'னு ஒரு கட்டம் இருக்கு. மூணு புள்ளி."

"ஆறாம் கட்டில் பேசறதே இல்லையே."

"அது திடீர் இல்லைடி. தொடர் மௌனம். அதுக்குக் கட்டம் இல்லை."

பேட்டி வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கிடைத்தது. பன்னிரண்டுக்கு வண்டி.

செவ்வாய்க்கிழமை, வீட்டம்மாவின் பத்து நிமிஷத்தில், சின்ன சிஸ்டர் கட்டிலோரம் உட்கார்ந்து தையல்காரருக்குப் புதுப் பாஷை சொல்லிக் கொடுத்தாள். கழுத்து இனிமேல் 'மேல் வட்டம்'. கை 'பக்கக் குழாய்'. இடுப்பை மறந்துவிட வேண்டும். வெட்டுவது கிடையாது, 'சரிசெய்வது' மட்டும்.

"உடைஞ்சதே என் இடுப்புதான். டாக்டர் எங்கே வலிக்குதுன்னு கேட்டா என்ன சொல்றது?"

"நடுப்பகுதின்னு சொல்லுங்க."

வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று காவலாளிக்கே தெரியவில்லை.

"உலை வாயை மூடினாலும் மூடலாம் சிஸ்டர், இவரு வாயை மூட முடியாது. முதமுதல்ல என்னைப் பார்த்தப்ப என்ன சொன்னார் தெரியுமா? 'உங்க கை ரெண்டும் ஒரே நீளம் இல்லை'ன்னார். கேட்டுட்டு வீட்டுக்குப் போய் ஸ்கேல் வச்சு அளந்தேன்."

"இருந்துச்சா?"

"கால் இஞ்ச் வித்தியாசம். அந்த வெட்கத்துலதான் கட்டிக்கிட்டேன்."

"இன்னும் இருக்கு," என்றார் தையல்காரர். "இடதுதான் நீளம். அந்தப் பக்கக் குழாயை மட்டும் தனியா சரிசெய்யறேன், முப்பத்தொன்பது வருஷமா."

பாடம் பிடித்துக்கொண்டது. புதன்கிழமைப் படிவத்தில் மூன்று கூற்றுகள் இருந்தன: 'நல்லாயிருக்கேன்.' 'நல்லா.' 'இருக்கேன்.'

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கட்டம் சார் லிப்டிலிருந்து வெளியே வந்தார். பதினோரு வருடத்தில் முதல் முறையாக வார்டின் வாசனை பட்டு மூக்கைச் சுருக்கினார். கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை தலையை இடது பக்கம் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டார். கூட்டத்தில் அவர் அப்படித் தலையை இழுத்தால் எதிரில் இருப்பவர்கள் நீட்டிய காகிதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அது அதிகாரத்தின் அடையாளம் என்றுதான் மூன்றாவது மாடி முழுக்க நம்பியிருந்தது.

தையல்காரர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். சட்டையின் கழுத்துப் பட்டை அரை இஞ்ச் குறைவு. கோட்டின் காலர் பின்பக்கம் தூக்கி, கழுத்து நரம்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. இந்த ஆள் வருஷக்கணக்காகத் தூக்கில் தொங்கிக்கொண்டே வேலை பார்த்திருக்கிறான்.

சின்ன சிஸ்டர் படிவத்தோடு நின்றாள். பேட்டியின்போது அங்கே இருப்பவர்கள் பேசுவது எல்லாவற்றையும் எழுத வேண்டும். அதுவும் விதி.

"நீங்க நர்ஸோட கழுத்தை வெட்டுவேன்னு சொன்னீங்களா?" என்று கேட்டார் கட்டம் சார், தலையை இழுத்தபடி.

"நல்லாயிருக்கேன்," என்றார் தையல்காரர்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"மேல் வட்டத்தைச் சரிசெய்யலாம்னு சொன்னேன்."

"என்ன வட்டம்?"

தையல்காரர் சின்ன சிஸ்டரைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சுவர்க் கடிகாரம் பதினொன்று இருபதைக் காட்டியது.

கட்டம் சார் இன்னொரு தடவை தலையை இழுத்தார். தையல்காரரின் விரல்கள் போர்வையைச் சுருட்டின. பசியில் இருப்பவன் எதிரில் வைத்த தட்டைப் பார்ப்பதுபோல அவர் அந்தக் காலரையே பார்த்தார்.

"என்ன அப்படிப் பார்க்கறீங்க?"

"ஒண்ணுமில்லை சார்."

"சுத்தி வளைக்காம சொல்லுங்க."

"உங்க மேல் வட்டம் உங்களைத் தொந்தரவு பண்ணுது. காலையில போட்டதுலேர்ந்து கழட்டற வரைக்கும். சாயங்காலம் பின்மண்டை வலிக்கும். படுத்தாத்தான் விடும்."

கட்டம் சாரின் பேனா நின்றது. அந்தப் பின்மண்டை வலிக்கு அவர் இரண்டு டாக்டர்களைப் பார்த்திருந்தார், ஒரு கண்ணாடி மாற்றியிருந்தார், வீட்டில் ஏழு வருடமாகச் சிடுசிடுத்திருந்தார்.

"கழுத்தையா சொல்றீங்க?"

"நான் சொல்லலை சார். நீங்கதான் சொன்னீங்க."

"கழுத்துல என்ன?"

"கிட்ட வந்தாத்தான் காட்ட முடியும்." சிவப்பு நோயாளியின் அருகே நாலடிக்குள் போகக் கூடாது என்று எழுதியவரே கட்டம் சார்தான். ஆனால் பின்மண்டை அன்றைக்கும் வலித்துக்கொண்டிருந்தது. அவர் குனிந்தார்.

தையல்காரர் கை நீட்டி அவர் கழுத்தைத் தொட்டார். உடல் தீண்டல், ஆறு புள்ளி. தையல்காரர் காலரின் பின்மடிப்பை இரண்டு விரலால் தூக்கி, உள்ளே மடித்து, படிவத்திலிருந்த இரண்டு காகிதக் கிளிப்பைக் கேட்டு வாங்கி இரண்டு பக்கமும் செருகினார். பட்டன் ஒன்றைத் தளர்த்தினார். அவ்வளவுதான்.

கட்டம் சார் நிமிர்ந்தார். தலையை இழுக்கப் போனார். இழுக்க ஒன்றும் இல்லை. இடது பக்கம் திரும்பினார், வலது பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் இருப்பதை அப்போதுதான் பார்த்தவர்போல நின்றார்.

"இதைத் தைச்சவனைக் கட்டிவச்சு..." தையல்காரர் பாதியில் நிறுத்திப் படிவத்தைப் பார்த்தார். "கட்டிவச்சு, பாராட்டணும்."

கட்டம் சார் அதைக் கேட்கவே இல்லை. "ஏழு வருஷம்," என்றார் மெதுவாக. "ஏங்க, இந்தக் கழுத்தை நீங்களே வெட்டிடுங்களேன். இன்னிக்கே வெட்டினாலும் சரி. அப்படியே கையையும் கொஞ்சம் பாருங்க."

சின்ன சிஸ்டரின் பேனா ஓடியது. அந்தச் சத்தம்தான் அவரை எழுப்பியது.

"என்ன எழுதறீங்க?"

அவள் படித்தாள். "'இந்தக் கழுத்தை நீங்களே வெட்டிடுங்களேன். இன்னிக்கே வெட்டினாலும் சரி.' கூறியவர்: பாதுகாப்பு அதிகாரி."

"அது சட்டையோட கழுத்தும்மா."

"சட்டைக்குக் கழுத்து ஏது சார்?" என்றாள் அவள். கேலியாகச் சொல்லவில்லை. "இணைப்பு மூணு சார். தன்னை வெட்டச் சொல்றவங்களுக்கு வேற படிவம் இருக்கு. அதுக்கான வளையம் மஞ்சள் கலர். அதையும் எடுத்துட்டு வரட்டுமா?"

"அதை அடிச்சிடுங்க."

"அடிக்கக் கூடாது சார்."

நாலு பேரும் படிவத்தின் தலையில் இருந்த கொட்டை எழுத்தைப் பார்த்தார்கள். நாலாவது ஆள், கட்டம் சாரோடு வந்திருந்த காவலாளி. இந்தக் கதையில் அவன் சிரித்தது இந்த ஒரு தடவைதான்.

பதினொன்று முப்பத்தைந்து. கட்டம் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் வாயால் தவறு நடந்தது என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் மூன்றாவது மாடிக்குக் கிடையாது, கட்டம் கூட்டும் வழக்கம்தான் உண்டு. அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஸ்கேலில்லாமலே நேர்கோடு போட்டு எழுதினார்: 'பக்கம் எட்டு. நோயாளியின் தொழில். தையல் எனில், அவர் பேசும்போதும் அவரிடம் பேசும்போதும், கழுத்து, கை, இடுப்பு ஆகியவை துணியின் பாகங்களாகக் கருதப்படும். இது முன்தேதியிட்டுச் செல்லும்.' முன்தேதியிட்டதால் அவர் சொன்னதும் துணியைப் பற்றியதாகிவிட்டது. தையல்காரரின் பன்னிரண்டு புள்ளி பூஜ்யமானது. கையெழுத்துப் போட்டார். அடியில் சின்ன எழுத்தில், 'பிற தொழில்களுக்குப் பொருந்தாது' என்று சேர்க்க மறக்கவில்லை.

யாரும் அடி வாங்காமல் அந்தப் படிவத்தில் பக்கம் கூடியது அதுவே முதல் தடவை. அந்தப் பெருமை பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. புதுக் கழுத்தின் உற்சாகத்தில் கட்டம் சார் வார்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். ஆறாம் கட்டிலின் பச்சை அட்டையைப் பார்த்து முகம் மலர்ந்து, வலது பக்கமாக நெருங்கினார்.

"சார், இடது..." என்று பெரியக்கா ஆரம்பிப்பதற்குள் உதை முழங்காலில் விழுந்துவிட்டது.

பெரியக்கா அவரைத் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். கட்டுப் போட்ட கையால்தான் பிடித்தாள்.

"எழுதுங்க," என்று பல்லைக் கடித்தார் கட்டம் சார். "உடனே எழுதுங்க."

"எழுதலாம் சார். அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலையே."

"அப்ப நிறைவு பெறாது சார்," என்றாள் பெரியக்கா, பனிக்கட்டிப் பையை எடுத்து அவர் முழங்காலில் வைத்தபடி. "நானும் மூணு தடவை அனுப்பிப் பார்த்தேன்."

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பிசியோ தம்பி சக்கர நாற்காலியை ஓட்டிக்கொண்டு ஓடிவந்தான். சின்ன சிஸ்டர் கத்தரிக்கோலை எடுத்துத் தையல்காரரின் சிவப்பு வளையத்தை வெட்டி, பச்சையை மாட்டினாள். வெட்டும்போது கத்தரி பிடித்த விதத்தைப் பார்த்து அவர் உதட்டைச் சுழித்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. பிசியோ தம்பி அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். நாலு நாளாகத் தரையைத் தொடாத கால் தரையில் பட்டது. அவர் முகம் வலியில் கோணியது.

"நடுப்பகுதி," என்றார்.

"இனிமே இடுப்புன்னே சொல்லலாம்," என்றாள் அவள்.

"இடுப்பு," என்று ஆசை தீரச் சொல்லிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டம்மா, ஒட்டிய உறையைப் பிரித்து அளவு நாடாவை அவர் மடியில் போட்டாள். அவர் அதை எடுத்துத் தன் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் நோயாளி மாதிரியே தெரியவில்லை.

லிப்டுக்குப் போகும் நடையில் அவர் திரும்பிப் பார்த்தார்.

"சிஸ்டர், நடந்து வந்ததும் முதல் வேலை உங்க கழுத்துதான். அளவு சொல்லுங்க."

நடையின் மறுகோடியில் கட்டம் சார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளிப் குத்திய காலருக்கு மேலே அவர் தலை முதன்முறையாக நேராக நின்றது. சின்ன சிஸ்டர் அவரை ஒரு தடவை பார்த்தாள், பேனாவைப் பாக்கெட்டில் செருகினாள், பிறகு லிப்டுக் கதவு மூடும் முன் சத்தமாகவே சொன்னாள்:

"பதிமூணரை. பார்த்து வெட்டுங்க."